கடிகாரம் வரும் வரை

விளக்கை அணைத்த பிறகுதான் கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் வைத்திலிங்கம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினொரு மணி, டோக்கியோ நேரம். தொடங்குவம்" என்று என்னிடம் தமிழிலும் மொரித்தாவிடம் ஜப்பானிய மொழியிலும் சொன்னார், பின்னால் காதர் புரொஜக்டரைத் தட்டிவிட்டார், திரையில் வெள்ளை விழுந்தது, டோக்கியோ நேரம் என்ற சொல் என் காதில் போய் உட்கார்ந்தது. நேற்று மதியம் ஒட்டிய கடிகாரம். ஐயோ, அது பழைய கடிகாரம். வெள்ளைக்காரன் காலத்தில், இதே கோலாலம்பூர் ஸ்டேஷனில், இதே கையால் நான் எடுத்தது. அதில் மணி ஏழரை. இந்தப் படத்து ரயில் புறப்பட்டது ஒன்பது மணிக்கு. சூரியன் என்னவோ ஒரே சூரியன்தான், ஆனால் ஜப்பான்காரர்கள் வந்த கையோடு ஊரில் உள்ள கடிகாரம் அத்தனையையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி. பழைய நேரத்தை வைத்திருக்கிறவன் எதிரியின் ஆள். எங்கள் தெருத் தையற்காரர் சுவர்க் கடிகாரத்தை மாற்ற மறந்ததற்கு வாங்கிய அறையில் இன்றைக்கும் ஒரு காதால்தான் கேட்கிறார். அது ஒரு கடையின் சுவர்க் கடிகாரம். இது ராணுவத்தின் படம். எனக்கு முன்னால் நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மொரித்தா, எங்கள் படப் பிரிவின் தலைவர், அந்த ரயிலைத் தன் கையால் கொடி அசைத்து அனுப்பியவர், அந்தக் கடிகாரத்துக்கு நேர் கீழே நின்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது திரையில் வரும், என் உயரத்துக்கு இரண்டு மடங்காக. "ஆசியச் சகோதரர்களே, வணக்கம்" என்று என் வாய் சொல்கிறது. நல்ல வாய், அதற்குப் பயமே தெரியாது, சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும்.

சத்தம் பதிகிற பிலிம் இப்போது வருவதில்லை, கப்பல்கள் குண்டுகளைத்தான் ஏற்றிவருகின்றன. அதனால் படம் ஊமையாக ஓடும், நான் திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லவேண்டும். ஜப்பானில் அப்படி ஒரு தொழிலே இருந்ததாம், வைத்திலிங்கம் சொன்னார், பெரிய மரியாதையாம். எனக்கு மரியாதை வேண்டாம், கடிகாரம் வேண்டாம், இந்த ரீல் இப்போதே அறுந்து தொலையட்டும். அறுந்தால்? காதர் ஒட்டுவார், ஓட்டுவார். தீப்பிடித்தால்? இந்தப் பிலிம் கற்பூரம் மாதிரி பற்றிக்கொள்ளும், ஒரு பீடிக் கங்கு போதும், ஆனால் பிடித்துக்கொண்டு போவது காதரை, காதருக்கு ஐந்து பிள்ளைகள். எனக்கு மயக்கம் வந்தால்? வைத்திலிங்கம் தண்ணீர் தெளிப்பார், மொரித்தா படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். திரையில் ரப்பர் மரங்கள். வரிசை வரிசையாக, காலை வெயிலில், நான் எடுத்ததுதான், அழகாகத்தான் இருக்கிறது, சனியன். "வெள்ளையர்கள் உங்கள் வியர்வையைப் பாலாகக் கறந்தார்கள்" என்கிறேன். வைத்திலிங்கம் மொரித்தாவின் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து முணுமுணுக்கிறார். இதே மரங்களை, இதே கோணத்தில், ரப்பர் கம்பெனிக்காக எடுத்தபோது வேறு வசனம் சொன்னோம்: வெள்ளையர் தந்த வாழ்வு, வெள்ளையர் தந்த ஆஸ்பத்திரி. மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தேவசகாயம், கேமராக்காரன், யார் சம்பளம் கொடுத்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான் என்று. என் மனைவி புஷ்பம் சம்பளத்தோடு வரும் அரிசி மூட்டையை வாங்கி வைக்கும்போது ஒன்றும் கேட்டதில்லை. மற்ற வீடுகளில் மரவள்ளிக் கிழங்கு வேகிறது, எங்கள் வீட்டில் சோறு வேகிறது, அதனால் அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "என்ன புஷ்பம், சப்பான் வாசன தூக்குது?" என்று சிரித்தாளாம். சிரித்தாள் என்றுதான் புஷ்பம் சொன்னாள், ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

எவ்வளவு ஓடிவிட்டது? மரங்கள் முடிந்து கூலிகளின் வரிசைக்கட்டு வீடுகள், பிறகு ஆட்கள் லாரியில் ஏறுவது, பிறகு ஸ்டேஷன். எனக்கு ஒவ்வொரு துண்டும் தெரியும், நான் ஒட்டியது. ஒட்டுவது என் வேலையே இல்லை. அது எங்கள் எடிட்டர் ஆ கியோங்கின் வேலை. ஒரு படத்தில் கொடி ஒரு கணம் மங்கலாக வந்துவிட்டது, அதை அவர் வெட்டாமல் விட்டார், அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அவருடைய கத்தரி மேஜைமேல் கிடந்தது, மொரித்தா அதை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான், நான் எடிட்டர் ஆகிவிட்டேன். ஆ கியோங் சொல்வார், ஒட்டுகிறவன் படத்தைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் ஒட்ட முடியாது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, ஆள் எந்தப் பக்கம் திரும்புகிறான், துண்டு எவ்வளவு நீளம், அதை மட்டும் பார். அதைத்தான் பார்த்தேன். நடுவில் ஒரு முகத்தை வெட்டி எடுத்துவிட்டேன், அந்த இடம் துள்ளும், ரயில் ஜன்னலில் சிரிக்கிற சடையனின் தலை இந்தப் பக்கம் இருக்கும், அடுத்த நொடி அந்தப் பக்கம் போயிருக்கும், குழந்தைக்குக்கூடத் தெரியும் வெட்டு என்று. மறைக்க இடையில் ஏதாவது ஒன்று வேண்டும். ரயில் சக்கரத்தை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. பழைய டின்னைத் திறந்தேன், ஸ்டேஷன் கடிகாரம், வெளிச்சம் இடது பக்கம், சரி, நீளம் சரி, ஒட்டினேன். காய்கிற பசையின் வாசனை மூக்கில் ஏறியது, திருப்தியாகக்கூட இருந்தது. மணி என்ன என்று பார்க்கவில்லை! கடிகாரத்தை ஒட்டியவன் மணி பார்க்கவில்லை, இதைவிடப் பெரிய முட்டாள் இந்த மலாயாவில் உண்டா? ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம், ஆனால் புரொஜக்டர் விளக்குக்கு வேண்டிய கார்பன் குச்சி தீர்ந்துகொண்டு வருகிறது, வெள்ளோட்டம் கூடாது என்று உத்தரவு. "இதோ, நமது தோட்டத்துச் சகோதரர்கள் தாமாகவே முன்வருகிறார்கள்" என்கிறேன். திரையில் லாரி. லாரியின் ஓரத்தில் நின்ற சிப்பாயின் துப்பாக்கி முனை படச் சட்டத்துக்குள் வந்திருந்தது, அதை நான்தான் கவனமாக வெட்டினேன். அதைக் கவனித்தேன். அதற்கெல்லாம் கண் இருந்தது.

வீராயி வராமல் இருந்திருக்கலாம். இப்போது அவள்மேல் கோபம் வருகிறது, வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வருகிறது. முந்தாநாள் பின்வாசலில் வந்து நின்றாள், இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கால் முழுக்கச் செம்மண். ஆத்துமேட்டுத் தோட்டத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். "படம் புடிக்கிற ஐயா நீங்கதானுங்களா?" ஆமாம் என்று சொல்லவே பயமாக இருந்தது. "எம் புருசன் பேரு சடையன். சயாமுக்கு ரயிலு ஏத்தும்போது நீங்க படம் புடிச்சீங்களாம்ல. வாயக் கையால பொத்திச் சிரிச்சுக்கிட்டு இருந்தாருன்னு கங்காணி சொன்னாரு." இருந்தார் என்றேன். அவள் அழவில்லை. சயாமிலிருந்து ஒருத்தன் எப்படியோ தப்பி வந்தானாம், கால் இரண்டும் வீங்கி, தோட்டத்துக்குள் ஒளிந்திருந்தானாம், அவன் சொன்னானாம், காட்டில் ரயில் பாதை போடுகிற இடத்தில் வாந்திபேதி, காலையில் மண் சுமந்தவன் சாயந்திரம் குழிக்குள், சடையனைத் தூக்கிப் போட்டதே அவன்தானாம். "போட்டோ ஒண்ணும் எடுத்ததில்லீங்க ஐயா. இது வயித்துல இருக்கும்போதே போயிட்டாரு. அப்பன் மொகம் எப்படின்னு நாளைக்கு இது கேட்டா நான் எதைக் காட்டுவேன்? ஒரு மொகம் குடுங்க ஐயா." ஒரு முகம். கடையில் வெற்றிலை கேட்பது மாதிரிக் கேட்டாள். நெகட்டிவ் சிங்கப்பூரில் இருக்கிறது, இங்கே இருப்பது இந்த ஒரே பிரதி, ராணுவச் சொத்து, முடியாதும்மா, போம்மா என்றேன். போனாள். வாசலைத் தாண்டவில்லை, அங்கேயே வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான், யாராவது பார்த்துக் கேட்டுவிடுவார்களோ என்ற பயமும். ஒரு சாண் நீளம் வெட்டிக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார், நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதே என்றேன். அவள் பிடித்துப் பார்த்தாள். "ஒரே மொகம் இத்தன தடவ இருக்கே" என்றாள். பிறகு குழந்தையின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள், அது பிலிமை வாயில் வைக்கப் பார்த்தது.

ஸ்டேஷன் வந்துவிட்டது. பிளாட்பாரம், பெட்டிகளின் ஜன்னல்கள், ஜன்னல் நிறைய முகங்கள். திரையைச் சுட்டிக்காட்டுகிற குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். சிரிக்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு ஒருத்தனும் சிரிக்கவில்லை. மொரித்தா, சிரிக்கச் சொல் என்றார், நான் தமிழில் சொன்னேன், ஆடு மாதிரிப் பார்த்தார்கள். கம்பெனிப் படத்துக்கு நான் செய்கிற வித்தை ஒன்று உண்டு; உதிரி முக்காலி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, கங்காணி நடை நடந்து, தடுக்கி விழுகிற மாதிரி விழுவேன். வெள்ளைக்காரனுக்கு விழுந்தேன், அவனும் சிரித்தான், கூலிகளும் சிரித்தார்கள், அது வேலை. அன்றைக்கும் விழுந்தேன். ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்பு பரவியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது சடையன், பெயர் அப்போது தெரியாது, வெற்றிலைக் காவி வெளியே தெரியாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "ஐயா, பாத்து, பாத்து" என்று கத்தினான். அடி பட்டுவிடுமோ என்று எனக்காகக் கவலைப்பட்டான். எழுந்து ஓடிப்போய்க் கேமராவின் கைப்பிடியைச் சுழற்றினேன். அந்தச் சிரிப்பு பொய்யில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, பொய்யாகச் சிரித்திருந்தால் பார்க்கிறவனுக்குத் தெரிந்துபோயிருக்கும். துப்பாக்கி செய்யாததை என் முழங்கால் செய்தது. அதற்குத்தான் அரிசி. "மூன்று மாத வேலை, இரட்டைச் சம்பளம், நல்ல உணவு, நல்ல மருத்துவம்" என்று வாய் சொல்லிக்கொண்டே போகிறது. அடுத்து சக்கரம். அடுத்து மொரித்தா கொடியோடு. தன்னைத் திரையில் பார்த்ததும் அவர் நாற்காலியில் இன்னும் நிமிர்கிறார், ஒவ்வொன்றாக, பொத்தான் சரியா, தொப்பி சரியா என்று கண்ணை எடுக்காமல் பார்க்கிறார். இந்தக் கண்ணா கடிகாரத்தை விட்டுவிடும்? என்ன சொல்வேன்? அது ஓடாத கடிகாரம் என்று சொல்லலாமா? ஓடாத கடிகாரத்தைப் படத்தில் ஏன் போட்டாய்? பழைய துண்டு என்று சொன்னால், எதை மறைக்க? அப்புறம் முகத்தை யாருக்குக் கொடுத்தாய்? சொல்லிவிடுவேன். நகத்தைத் தொட்டாலே சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும், ஆத்துமேட்டுத் தோட்டம், வீராயி, பெண் குழந்தை, தப்பி வந்தவன் ஒளிந்திருக்கிற இடம் உட்பட. கர்த்தரே, பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது. சடையன் வந்துவிட்டான்.

அவர்கள் திரையைப் பார்க்கக்கூடாது. என்னைப் பார்க்கவேண்டும். யோசித்தேன் என்று சொல்ல முடியாது, கால்தான் முதலில் நகர்ந்தது, திரையை விட்டு, சுவர் ஓரமாக, நாற்காலிகளைத் தாண்டி வாசல் பக்கமாக நடக்கிறேன், நடந்துகொண்டே உரக்க, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கியார்கூட அப்படிக் கத்தமாட்டார், "இதோ! வாயைப் பொத்திச் சிரிக்கிறாரே, இந்தச் சகோதரர் யார் தெரியுமா? ஆத்துமேட்டுத் தோட்டத்துச் சடையன்!" வைத்திலிங்கத்தின் முணுமுணுப்பு நின்றுபோகிறது, இது அவரிடம் கொடுத்த வசனத்தில் இல்லை. அவர் தலை திரும்புகிறது. மொரித்தாவின் தலை திரும்பவில்லை. திரும்பு. இன்னும் ஏதாவது வேண்டும், இன்னும் பெரிதாக. "நேற்று இவரிடமிருந்து கடிதம் வந்தது! சுகமாக இருக்கிறேன், வயிறாரச் சாப்பிடுகிறேன், அண்ணன் தம்பிமாரே, நீங்களும் புறப்பட்டு வாருங்கள் என்று தன் கைப்பட எழுதியிருக்கிறார்!" வைத்திலிங்கம் அவசரமாக மொழிபெயர்க்கிறார். மொரித்தா திரும்புகிறார். உடம்பு முழுவதையும் திருப்பி, நாற்காலியின் முதுகில் கையை ஊன்றி, இருட்டில் என் முகத்தைத் தேடுகிறார். அவர்கள் இரண்டு பேருடைய தலைக்கு மேலே, திரையில், கடிகாரம் வருகிறது. ஏழரை. முள் இரண்டும் எவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கின்றன, நல்ல லென்ஸ் அது. நீளம் கொஞ்சம்தான் என்று நினைத்திருந்தேன், போகவே மாட்டேன் என்கிறது. "குடும்பத்தையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்" என்கிறேன், அவர் கண்ணை விடாமல். காதர் கட்டாயம் பார்த்திருப்பார். காதர் இந்த அறையில் எதையும் பார்ப்பதில்லை. கடிகாரம் போய்விட்டது. சடையன் அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ கை காட்டுகிறான், ரயில் நகர்கிறது, புகை. நான் மெல்ல நடந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மிச்சத்தை வசனத்தில் உள்ளபடியே சொல்லி முடித்தேன். உயிரோடு இருக்கிறேன். என்னை மீறி ஒரு சந்தோஷம் பொங்கி வருகிறது, புஷ்பத்திடம் போய் ஜன்னலைத் திற என்று சொல்லவேண்டும் போல.

விளக்கு எரிகிறது. மொரித்தா எழுந்து நின்று, என்னைப் பார்த்துக்கொண்டு, நிறையப் பேசுகிறார். வைத்திலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், யோகோஹாமாவில் முத்து வியாபாரக் கடையில் இருந்தவர், இரண்டு பக்கத்துக்கும் ஒரே முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். "கடைசியாச் சொன்னது வசனத்தில இல்லையெண்டு அவருக்குத் தெரியும்" என்கிறார். "அந்தக் கடிதம் எங்க எண்டு கேக்கிறார்." தோட்டத்துக் கங்காணியிடம் இருக்கிறது, வாசித்துக் காட்டினார், நான் கேட்டேன் என்கிறேன். சடையனுக்கு எழுதத் தெரிந்திருக்க வழியில்லை, அது இந்த அறையில் என் ஒருவனுக்குத்தான் தோன்றும். மொரித்தா தலையை ஆட்டுகிறார். கடிதத்தைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. "இப்பிடி உயிரோட ஒரு ஆளின்ர பேரைச் சொல்லவேணும், இவ்வளவு நாளும் படத்தில அதுதான் இல்லாமல் இருந்தது எண்டு சொல்லுறார். ஆக்கள் போதாதாம். அடுத்த ரயிலுக்கு இன்னும் கனபேர் வேணுமாம். இனி எல்லாத் தோட்டத்திலயும் நீர் இதையே சொல்லவேணும். இந்த ஞாயிறு தொடங்கலாம். முதலாவதா அந்தச் சடையன்ர தோட்டத்தில போடுங்கோ, அவனைத் தெரிஞ்ச சனம் கண்டால் உடன வருங்கள் எண்டு சொல்லுறார்." பிறகு வைத்திலிங்கம் குரலைத் தாழ்த்தி, தன் சொந்தப் பேச்சாக, "நல்ல வாய் ஐசே உமக்கு. நீர் பிழைச்சுக்கொள்ளுவீர்" என்கிறார். பாராட்டாகத்தான் சொல்கிறார். ஆத்துமேட்டுத் தோட்டம். பள்ளிக்கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போடுவார்கள், சனம் தரையில் உட்காரும், பெண்கள் எல்லாரும் ஒரு பக்கமாக. அவள் வருவாள். முகத்தைப் பார்க்கவாவது வருவாள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வருவாள். அவளுக்கு முன்னால் நின்று சொல்லவேண்டும், கடிதம் வந்தது என்று. மாட்டேன் என்று இப்போது சொல்லலாம். ஒரு வார்த்தை. மொரித்தா காத்திருக்கிறார், கோபமாக இல்லை, சிநேகமாகக்கூட இருக்கிறார். "சரி" என்கிறேன். ஜப்பானிய மொழியில், குனிந்து. அவர் என் தோளைத் தட்டுகிறார். வைத்திலிங்கம் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுக்கிறார். "இன்னொருக்காச் சொல்லும், வசனத்தோட சேர்த்து எழுதோணும்" என்கிறார். சொல்கிறேன். ஆத்துமேட்டுத் தோட்டத்துச் சடையன், நேற்று கடிதம் வந்தது, சுகமாக இருக்கிறேன், வயிறாரச் சாப்பிடுகிறேன், நீங்களும் வாருங்கள். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை. அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்துவிட்டு, "பிறந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சீக்கிரமே வருகிறேன் என்றும் எழுதியிருக்கிறார், அதையும் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறேன். என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.